சி.எஸ்.ஆர். 8645 மாட்யூலின் அமைப்புகளை மாற்ற வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. பழைய ஸ்பீக்கர் ஒன்றில் சி.எஸ்.ஆர். 8645 புளூடூத் மாட்யூலைப் பொருத்தியிருக்கிறேன். பாட்டு நன்றாகவே கேட்கிறது. ஆனால் இணையும்போது வரும் பீப் ஒலி காதைக் கிழிக்கிறது. அதைக் குறைக்க வேண்டும், அப்புறம் சாதனத்தின் பெயரையும் மாற்ற வேண்டும்.

இந்த அமைப்புகள் மாட்யூலின் நினைவகத்தில் 'பி.எஸ். கீ' என்ற பதிவுகளாக இருக்கின்றன. திருத்தும் மென்பொருளை விற்பனையாளரிடம் கேட்டேன். நிறுவனமாகப் பதிவு செய்து, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் தருவார்களாம். பொழுதுபோக்காகச் செய்பவர்கள் எங்கே போவது? காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குப் பெயர் வைக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எஃப்.டி. 232 ஆர் சிப் உள்ள யு.எஸ்.பி. பலகையை எஸ்.பி.ஐ. புரோகிராமராக (சில கம்பிகள் வழியாகச் சிப்பின் நினைவகத்தைப் படித்து எழுதும் கருவியாக) பயன்படுத்த ஒரு திறமூல நிரல் இருக்கிறது. அதை இந்த மாட்யூலில் யாராவது முயன்றீர்களா? பலகை 3.3 வோல்ட் தருகிறது, மாட்யூலின் எஸ்.பி.ஐ. கால்கள் 1.8 வோல்ட்டுக்கானவை என்றால் இடையில் லெவல் ஷிஃப்டர் (மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சுற்று) எதைப் போட்டீர்கள்? எதையும் திருத்தும் முன் நினைவகம் முழுவதையும் நகலெடுத்து வைக்க விரும்புகிறேன், அதற்கான படிகளையும் சொல்லுங்கள். ஊர் பேர் தெரியாத தளங்களிலிருந்து கோப்புகளை இறக்கத் தயக்கமாக இருக்கிறது, அதனால் நீங்களே செய்து பார்த்த வழியாக இருந்தால் நல்லது.