வாக்கர் என்ற குடும்பப் பெயர்: காவலரா, துணிக்காரரா? உதவி தேவை

மலர்க்குழு:
பள்ளி ஆண்டு மலருக்காக ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறேன். ஸ்மித் கொல்லர், டெய்லர் தையற்காரர், பேக்கர் ரொட்டி சுடுபவர் என்று சரசரவென்று போனது, வாக்கரில் வந்து நிற்கிறது. ஒரு தளம் காட்டைச் சுற்றிவரும் காவலர் என்கிறது. இன்னொன்று துணி வேலை என்கிறது. நடப்பதற்கும் துணிக்கும் என்ன சம்பந்தம்? எதைப் போடுவது?

தறிக்காரன்:
துணியைப் போடுங்கள். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி தளர்வாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். தொட்டியில் ஊறப்போட்டு ஆட்கள் ஏறி மிதிப்பார்கள். இழைகள் சுருங்கிப் பின்னிக்கொண்டு துணி கெட்டிப்படும். பிசுக்கு போக நாள்பட்ட சிறுநீர் ஊற்றுவார்கள் (அம்மோனியாதான் அங்கே சோப்பு!), ஒருவகைக் களிமண்ணும் போடுவார்கள். நாம் முகத்தில் பூசும் முல்தானி மிட்டி அதே இனம்தான். அப்படி மிதித்தவர்தான் வாக்கர். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் நீராலையின் மரச் சம்மட்டிகள் காலின் வேலையைப் பிடுங்கிக்கொண்டன, ஆனால் பெயர் தங்கிவிட்டது.

காட்டுக் காவலரையும் வாக்கர் என்றதுண்டு. ஆனால் இத்தனை குடும்பங்கள் காவல் காக்க அங்கே காடு ஏது?

ஆற்றங்கரை:
ஃபுல்லர், டக்கர் இரண்டும் இதே தொழில்தான், சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் வடக்கிலும் மேற்கு மிட்லண்ட்ஸ் என்ற நடுமேற்குப் பகுதியிலும் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கே டெவன் பக்கம் டக்கர். டெவனில் உள்ள எக்ஸிட்டர் நகரில் 1471இல் இவர்களின் சங்கம் கட்டிய மண்டபத்துக்கு இன்றும் டக்கர்ஸ் ஹால் என்றுதான் பெயர். வடக்கே நியூகாசில் நகரில் வாக்கர் என்றே ஒரு பகுதி உண்டு, ரோமானியர் மதிலை ஒட்டிய சதுப்பு நிலம் என்று பொருள். சிலருக்குப் பெயர் அந்த ஊரிலிருந்தும் வந்திருக்கலாம். அதனால் 'எல்லா வாக்கரும்' என்று எழுதிவிடாதீர்கள்.

மலர்க்குழு:
நன்றி! சிறுநீரைத் தலைமையாசிரியர் விட்டுவைப்பாரா, பார்ப்போம். அப்புறம், 'வாக்கர் குடும்பச் சின்னம்' என்று ஒரு கேடயப் படம் விற்கிறார்கள். அதைப் போடலாமா?

தறிக்காரன்:
வேண்டாம். இங்கிலாந்தில் சின்னம் கொடுப்பது ஓர் ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான், குடும்பப் பெயருக்கு அல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் உரிமை வராது. அதற்குப் பதில் வேறு படம் இருக்கிறது: இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயியில், துணி மிதிக்கும் தொழிற்கூடம் ஒன்றில், தொட்டியில் நின்று மிதிப்பவர்களின் ஓவியம் கிடைத்திருக்கிறது. இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் போட்டால் பிள்ளைகளுக்குப் பார்த்தவுடனே புரியும்.