பிரசவத்துக்கு அப்புறம் தவறிப்போகும் அந்த சுகர் டெஸ்ட்: உங்கள் அனுபவம் என்ன?

(நாமக்கல் பக்கத்திலிருந்து)

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சுகர் பார்த்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2007-லேயே அரசாணை வந்துவிட்டது. உடம்பு பெருத்தவர்கள், வீட்டில் சுகர் உள்ளவர்கள் என்று ஆள் பார்த்துப் பிரிக்காமல் எல்லோருக்கும் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்ததால்தான் எனக்கும் தெரிந்தது. என் அம்மா அப்பா இருவருக்குமே சுகர் கிடையாது. எனக்கு ஒரு அறிகுறியும் இல்லை.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். பாதி டம்ளரிலேயே தொண்டை திகட்டிவிடும். அரை மணிக்குள் வாந்தி வந்தால் இன்னொரு நாள் வரச் சொல்கிறார்கள். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140-ஐத் தொட்டாலே கர்ப்ப காலச் சர்க்கரை என்று கணக்கு. எனக்கு 158.

இதற்கு வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. சென்னையைச் சேர்ந்த சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. சேஷையா வலியுறுத்திய முறை இது. பஸ் பிடித்து வரும் கர்ப்பிணியை "சாப்பிடாமல் நாளைக்கு வாம்மா" என்று திருப்பி அனுப்பினால் பாதிப் பேர் திரும்ப வர மாட்டார்கள். வந்த அன்றே பார்த்துவிடுவதில் எவ்வளவு அக்கறை இருக்கிறது என்று எனக்கு இப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கும்.

சாப்பாட்டை மாற்றியதிலேயே எனக்கு சுகர் அடங்கிவிட்டது, இன்சுலின் தேவைப்படவில்லை. ஆனால் நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றி.

பிரசவம் அம்மா வீட்டு ஊரில். குழந்தை பிறந்ததும் சுகர் இயல்புக்கு வந்துவிட்டது. "அது கர்ப்பத்தோட வந்தது, கர்ப்பத்தோட போயிடுச்சு" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. டிஸ்சார்ஜ் ஆகும்போது தடுப்பூசித் தேதியைச் சொன்னார்கள், தாய்ப்பால் பற்றிச் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்துத் தாய்க்கும் மறுபடி குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. அதற்குள் நான் மாமியார் வீட்டுக்கு வந்தாயிற்று. அது வேறு சுகாதார நிலையம், அங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

கர்ப்பத்தில் சுகர் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதைப் படித்திருந்ததால், குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போடப் போன அன்று நானே கேட்டுப் பார்த்துக்கொண்டேன். இரண்டு மணி நேர அளவு 168. இன்னும் சுகர் நோய் ஆகவில்லை, ஆனால் அந்த வழியில் இருக்கிறது என்றார் டாக்டர். இப்போது தினமும் நடக்கிறேன், வருஷா வருஷம் பார்க்கிறேன்.

குழந்தையின் ஊசியும் ஆறாவது வாரம், தாயின் டெஸ்ட்டும் ஆறாவது வாரம். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாமே! உங்களில் யாருக்காவது அப்படிச் செய்தார்களா?

(சேலம், செவிலியர்)

நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை, தங்கச்சி. கர்ப்பத்தில் கண்டுபிடிப்பதில் நாங்கள் கெட்டி. பிரசவம் ஆனதும் கவனம் மொத்தமும் குழந்தை பக்கம் போய்விடுகிறது. தாய் வேறு ஊருக்குப் போய்விட்டால் போன் நம்பரும் மாறிவிடும், கூப்பிட்டால் கணவர் எடுப்பார்.

ஒரு பெண் மறக்கவே முடியாதவள். முதல் கர்ப்பத்தில் இன்சுலின் போட்டவள், இடையில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இரண்டாவது முறை மூன்று மாதம் முடிந்துதான் வந்தாள், அப்போது வெறும் வயிற்றிலேயே 190. குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் எட்டு வாரத்தில். அந்த நேரம் முழுக்க அவளுக்கு சுகர் ஏறியே இருந்திருக்கிறது. ஸ்கேன் வரும்வரை நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து குழந்தைக்கு ஊசி போடும்போதே "உனக்கு கர்ப்பத்துல சுகர் இருந்துச்சா?" என்று தாயிடமும் கேட்டுவிடுவேன்.

ஒரு விஷயம். பிரசவத்துக்கு அப்புறம் பார்க்கும்போது வெறும் வயிற்றில் வர வேண்டும். காலையில் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள், பால் கொடுப்பவர்கள் ரொம்ப நேரம் பசியோடு இருக்கக் கூடாது.

(திண்டுக்கல்)

என் மனைவிக்கு ஒரு தனியார் லேபில் மூன்று மாத சராசரி சுகர் டெஸ்ட் (HbA1c) எடுத்து, நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். பிரசவத்தில் அவளுக்கு நிறைய ரத்தம் போயிருந்தது. அக்கா, அந்த முடிவை நம்பலாமா?

(சேலம், செவிலியர்)

நம்ப வேண்டாம், தம்பி. அந்த டெஸ்ட் ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையைத்தான் பார்க்கிறது. ரத்தம் போயிருந்தால் உடம்பில் புது அணுக்கள் நிறைய உருவாகும். அவற்றில் சர்க்கரை அதிகம் ஒட்டியிருக்காது, அதனால் சராசரி குறைவாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அதுவே கூடுதலாகக் காட்டும். குளுக்கோஸ் குடித்துப் பார்ப்பதுதான் சரி. ஆறு வாரம் தாண்டியிருந்தாலும் பரவாயில்லை, இந்த வாரமே கூட்டிப் போங்கள். கர்ப்ப கால அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.