எஃப்.இ.ஆர். (காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வு அறிக்கை) பதில்: தீர்ப்பு தேடத் தெரிகிறது, பிரையர் ஆர்ட் (ஏற்கெனவே வெளியான முன்னறிவு) படிப்பதில் எங்கே இடறுகிறது?

கேள்வி
பி.ஏ., எல்எல்.பி. காப்புரிமை வேலைக்குப் புதிது. சொட்டுநீர் எமிட்டர் (நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் உறுப்பு) விண்ணப்பம், எஃப்.இ.ஆரில் டி1, டி2 என்ற இரண்டு முந்தைய ஆவணங்களைக் காட்டி புதுமையும் இல்லை, இன்வென்டிவ் ஸ்டெப்பும் (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம்) இல்லை என்று ஆட்சேபம். டி1-இன் கிளெய்ம் (உரிமை கோரும் வாசகம்) வேறு, நம்முடையது வேறு என்று எழுதி, நோவார்டிஸ் உட்பட ஆறு தீர்ப்புகள் சேர்த்தேன். வரைவு திரும்பி வந்துவிட்டது. தப்பு எங்கே?

பதில் 1
டி1-இன் கிளெய்மோடு ஒப்பிட்டதில்தான். காப்புரிமையின் கிளெய்மை வைத்து அளப்பது மீறல் வழக்கில் செய்யும் வேலை. இங்கே டி1 முழுவதும் கணக்கு: விளக்கவுரை, படம், படத்திலுள்ள எண் வரை. அது காலாவதியான காப்புரிமையா, ஜப்பானிய மொழியா என்பதெல்லாம் பொருட்டே இல்லை.

உங்கள் கிளெய்ம் 1-ஐ உடைத்து அட்டவணை போடுங்கள்: உடல், நுழைவாய் வடிகட்டி, வளைந்து நெளியும் நீர்ப்பாதை, சிலிக்கோன் டயாஃப்ரம் (வளையும் சவ்வு), அழுத்தம் கூடும்போது அது வெளிவாயைக் குறுக்கும் விதம். ஒவ்வொன்றுக்கும் எதிரே டி1-இன் பத்தி எண், பட எண். எல்லாக் கட்டமும் நிரம்பினால் புதுமை போயிற்று. காலியாக நிற்கும் கட்டம்தான் உங்கள் வாதம். டயாஃப்ரம் டி2-இல் மட்டும் இருந்தால் சண்டை இன்வென்டிவ் ஸ்டெப்புக்கு, அதாவது காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 2(1)(ஜேஏ)-வுக்கு நகரும்.

பதில் 2
அதற்கும் முன் தேதி. டி1 வெளியான நாள் உங்கள் முன்னுரிமைத் தேதிக்கு (கண்டுபிடிப்புக்கு முதலில் விண்ணப்பித்த நாள்) முந்தியதா? பிந்தியது என்றால், உங்களுடையதற்கு முந்தைய முன்னுரிமைத் தேதியோடு டி1 ஓர் இந்திய விண்ணப்பமாக இருந்தால்தான் பிரிவு 13(1)(பி) வரும். அந்த ஒரு இடத்தில் மட்டும் டி1-இன் கிளெய்மைப் பாருங்கள்.

நோவார்டிஸ் (2013) மருந்து வழக்கு; அறிந்த பொருளின் புது வடிவம் குறித்த பிரிவு 3(டி) பற்றியது, எமிட்டருக்குச் சம்பந்தமில்லை. பிஷ்வநாத் பிரசாத் (1978) ஒன்று போதும். பாத்திரம் கடையும்போது பிடித்துக்கொள்ளும் கருவி பற்றிய வழக்கு; வெறும் பட்டறை மேம்பாடு காப்புரிமைக்குப் போதாது என்றது. அதையும் அட்டவணைக்குப் பிறகு வையுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. டயாஃப்ரம் டி2-இல்தான் இருக்கிறது. டி1-இல் உள்ளதையும் டயாஃப்ரத்தையும் சேர்த்தே சொல்லும் ஆவணம் வேறு இருக்கிறதா என்று தேடினால், 'டிரிப் எமிட்டர்' என்ற சொல்லுக்கு எஸ்பேஸ்நெட்டில் (காப்புரிமை ஆவணத் தேடல் தளம்) ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது.

பதில் 3
சொல்லை விட்டு வகைப்பாட்டைப் பிடியுங்கள்: சி.பி.சி. (காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் குறியீட்டு முறை) ஏ01ஜி 25/023, சொட்டுநீர் வெளியேற்றிகளுக்கானது. அதற்குள் டயாஃப்ரம், மெம்பிரேன் இரண்டையும் இடையில் 'ஆர்' (OR, அல்லது) போட்டுத் தேடுங்கள். எமிட்டர் என்பதை டிரிப்பர் என்றும் எழுதுவார்கள். ஒரே குடும்பத்து ஆவணங்களை (ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் போட்டவை) ஒன்றாகக் கணக்கிடுங்கள். பிறகு டி2-ஐ மேற்கோள் காட்டியவை, டி2 காட்டியவை என்று இரு பக்கமும் போங்கள். தேடல் சரத்தையும் தேடிய நாளையும் குறித்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்
விளக்கவுரையிலுள்ள நீர்ப்பாதைப் பல் அமைப்பைக் கிளெய்மில் சேர்க்கலாமா?

பதில் 2
குறுக்கலாம், விரிக்க முடியாது; பிரிவு 59. சேர்ப்பது எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பதிலில் காட்டுங்கள். கெடு எஃப்.இ.ஆர். நாளிலிருந்து 6 மாதம். 3 மாத நீட்டிப்புக்கான படிவம் 4 அந்த 6 மாதம் முடியும் முன்பே போக வேண்டும்.

இன்னொன்று: உங்கள் பி.ஏ. பட்டத்தோடு காப்புரிமை ஏஜென்ட் தேர்வு எழுத முடியாது. பிரிவு 126 அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் கேட்கிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்திருந்தால் பிரிவு 132-இன்படி கன்ட்ரோலர் (காப்புரிமை அலுவலக அதிகாரி) முன் விசாரணையில் வாதாடலாம்.