மேரியோவில் அப்படி என்னதான் இருக்கிறது: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு விவாதம்

பெரியப்பா: காலையிலிருந்து இந்தக் குழுவில் சூப்பர் மேரியோ பிரதர்ஸ் புராணம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மேரியோ என்பவனை ஓடவும் தாவவும் வைத்து, தடைகளைக் கடக்கவைக்கும் அந்த வீடியோ விளையாட்டு 1985இல் வெளிவந்தது; இன்றும் அலுக்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் புகழ்வது அந்த விளையாட்டையா, இல்லை, பொறுப்பு எதுவும் தலையில் இல்லாமல் அதை விளையாடிய உங்கள் பத்து வயதையா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

சித்தப்பா: அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. அதற்குக் கோஜி கோண்டோ அமைத்த இசை காதில் விழுந்தாலே எனக்கு வயது குறைந்துவிடுகிறது.

அக்கா: பெரியப்பா, பிள்ளைப்பருவ நினைவு மட்டும்தான் காரணம் என்றால், அக்காலத்து விளையாட்டுகள் எல்லாமே ஒரே அளவில் இனிக்க வேண்டும். அப்படி இல்லையே. 1982இல் அட்டாரி நிறுவனம் ‘ஈ.டி.’ என்றொரு விளையாட்டை ஏறக்குறைய ஐந்து வாரங்களில் உருவாக்கி வெளியிட்டது. அதில் வழியெங்கும் குழிகள் இருக்கும். கால் மட்டுமல்ல, உருவத்தின் எந்தப் புள்ளி குழியின் விளிம்பில் பட்டாலும் அது விழுந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கோ அது குழிக்குப் பக்கத்தில் பத்திரமாக நிற்பதுபோல்தான் தெரியும். மேலே ஏறி வந்த உடனேயே மறுபடியும் விழுவதும் உண்டு. தேங்கிப்போன பிரதிகளில் ஒரு பகுதியை 1983இல் நியூ மெக்சிகோவில் ஒரு குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் தோண்டியும் எடுத்தார்கள். அதை விளையாடியவர்களுக்கும் பிள்ளைப்பருவம் இருந்திருக்கும். ஆனாலும் அந்தக் குழிகளுக்காக ஏங்குகிறவரை நான் பார்த்ததில்லை.

பெரியப்பா: மேரியோவிலும் குழிகள் இருக்கின்றனவே அம்மா. நீங்கள் எல்லோரும் அதில் விழாதவர்களா?

அக்கா: எத்தனையோ முறை விழுந்திருக்கிறோம், பெரியப்பா. ஆனால் விழும்போதே ஏன் விழுந்தோம் என்று தெரிந்துவிடுகிறது: பொத்தானைச் சீக்கிரம் விட்டுவிட்டோம், அல்லது ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே தாவிவிட்டோம். குற்றம் விளையாட்டுடையது என்று தோன்றினால் கன்ட்ரோலரைத் தூக்கி எறியத் தோன்றும். குற்றம் நம்முடையது என்று தோன்றினால் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று தோன்றும். இந்த விளையாட்டின் சுவை முழுவதும் அந்த இரண்டாவது உணர்வில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

அத்தை: இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குற்றம் நம்முடையது என்று தெரிய வேண்டுமானால், முதலில் விதி தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? விதிப்புத்தகத்தைப் பிரித்துப் படித்த பிள்ளை எதையும் நான் பார்த்ததில்லை.

அக்கா: அங்கேதான் முதல் லெவலின் அருமை இருக்கிறது, அத்தை. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் கடினமான லெவல்கள் பலவற்றைச் செய்து முடித்த பிறகே, ஒன்றும் அறியாதவருக்காக அந்த முதல் லெவலை வடிவமைத்தார்கள். தொடங்கும்போது மேரியோ திரையின் இடப்பக்கம் வலப்பக்கத்தைப் பார்த்தபடி நிற்கிறான். வலப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. எனவே யாரும் சொல்லாமலே நாம் வலப்பக்கம் நடக்கிறோம். சில அடிகளில், முறைத்த முகத்துடன் கூம்பா என்ற எதிரி எதிரே வருகிறது. சும்மா நின்றால் உயிர் போகும். ஆனால் இழந்தது சில நொடிகள்தான், உடனே மறுபடியும் அதே இடம். அடுத்த முறை தாவுகிறோம், தவறிப்போய் அதன் தலைமேலேயே இறங்கினால் அது நசுங்குகிறது, அன்றைக்கு ஒரு விதி கற்றாகிவிட்டது. அதன்பின் வரும் கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் காளான் ஒன்று வெளிவந்து வலப்பக்கம் நகர்ந்து, கீழே விழுந்து, குழாயில் மோதி நம்மை நோக்கியே திரும்பி வருகிறது. கூம்பாவைப் பார்த்துப் பயந்திருப்பவர் இதையும் எதிரி என்று எண்ணித் தப்ப முயன்றாலும், தலைக்கு மேலே செங்கல் வரிசை இருப்பதால் தாவல் தடைப்பட்டு, பெரும்பாலும் காளான் அவர்மேல் பட்டே தீரும். பட்டதும் மேரியோ பெரியவனாகிறான். ஒரு சொல்கூட எழுதாமல், நல்லது எது, கெட்டது எது என்பதைச் சொல்லிவிட்டார்கள்.

நான்: அதே லெவலின் பிற்பகுதியையும் கவனியுங்கள். எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள் வருகின்றன. நடுவில் தரை இருக்கிறது, தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. சற்றுத் தள்ளி ஏறக்குறைய அதே போன்ற இரண்டு படிக்கட்டுகள், ஆனால் இம்முறை நடுவில் குழி. முதலில் பயிற்சி, பிறகு தேர்வு. விளையாடும்போது இது ஒருமுறைகூட எனக்கு உறைத்ததில்லை.

பெரியப்பா: பாடத்திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல பாடத்திட்டம் எல்லாம் விளையாட்டாகிவிடாது. தாவுவதில் அப்படி என்ன இன்பம்?

சித்தப்பா: அண்ணா, அது கையால் உணர வேண்டியது. பொத்தானைத் தட்டிவிட்டால் சிறிய தாவல். அழுத்திப் பிடித்தால் உயரமான தாவல். ஓடிவந்து தாவினால் இன்னும் உயரம். அந்தரத்தில் இருக்கும்போதே வலமோ இடமோ சற்றுத் திருப்பிக்கொள்ளவும் முடியும். உண்மையான உலகில் எந்த மனிதனாலும் அப்படித் தாவ முடியாது, ஆனால் அவனுக்கு எடை இருப்பதாக நம் விரல் நம்புகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரும்பினால் சறுக்குவான். எதிரியே இல்லாத இடத்தில்கூடப் பிள்ளைகள் அவனைச் சும்மா குதிக்கவிட்டுக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு செயலே சுவையாக இருந்தால் மற்றதெல்லாம் அதன்மேல் கட்டலாம்.

அத்தை: கட்டுவதற்கும் அவர்களிடம் பொருள் குறைவுதான். முழு விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. ஒருவேளை அந்த நெருக்கடிதான் நன்மை செய்ததோ என்னவோ! புதுப்புதுப் பொருள்களைக் குவிக்க இடமில்லாததால், இருக்கிற பொருள்களையே ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். ஆமையை மிதித்தால் ஓடு கிடைக்கிறது, ஓட்டை உதைத்தால் அது வழியிலுள்ள எதிரிகளை எல்லாம் வீழ்த்திக்கொண்டு போகிறது, ஆனால் குழாயில் பட்டுத் திரும்பி வந்தால் நம்மையே வீழ்த்துகிறது. அதே ஓடு ஆயுதமாகவும் ஆபத்தாகவும் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

பெரியப்பா: எங்கள் காலத்து விண்வெளிப் படையெடுப்பு விளையாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. 1978இல் டோமோஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸைச் சொல்கிறேன். எதிரிகள் குறையக் குறைய, மீதமுள்ளவர்கள் வேகமாக இறங்குவார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் இயந்திரத்தின் வேகம் தானாகவே கூடியதாம். அவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். நாம் வெல்ல வெல்ல ஆட்டம் கடினமாகிறது. சரி, உங்கள் கட்சிக்கே நான் சாட்சி சொல்வதுபோல் ஆகிவிட்டது.

தம்பி: நான் ஒரு மறுப்புச் சொல்லலாமா? நம் குற்றமே காரணம் என்பதுதான் சுவை என்றால் டெட்ரிஸ் எப்படி இனிக்கிறது? அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் மாஸ்கோவில் உருவாக்கிய அந்த விளையாட்டில், மேலிருந்து விழும் ஏழு வகைத் துண்டுகளை அடுக்கி, ஒரு வரிசையை இடைவெளியின்றி நிரப்பினால் அது அழியும். எது வரும் என்பது நம் கையில் இல்லை. பழைய பதிப்புகளில் நீளத் துண்டு வெகுநேரம் வராமலே போகும். அது நம் குற்றமா?

அக்கா: நல்ல கேள்வி. ஆனால் யோசித்துப் பார், தம்பி. நீளத் துண்டுக்காக ஓரத்தில் ஆழமான பள்ளத்தை விட்டுவைத்தது யார்? நான்கு வரிசைகளை ஒரே அடியில் அழிக்கும் ஆசையில் நாமே வைத்த பந்தயம் அது. வராதபோது எரிச்சல் வந்தாலும், பள்ளத்தை அவ்வளவு ஆழமாக விட்டிருக்க வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல் சொல்லத்தான் செய்கிறது. இருந்தாலும் உன் மறுப்பில் நியாயம் இருக்கிறது என்பதற்குச் சான்று, பிற்காலப் பதிப்புகளில் ஏழு துண்டுகளையும் கலைத்துப் போட்டு, ஏழும் வந்து முடிந்த பிறகே மீண்டும் கலைக்கும்படி மாற்றிவிட்டார்கள்.

அத்தை: துரத்தும் பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும் பேக்மேன் விளையாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோரு இவதானி 1980இல் செய்தது. நான்கு பேய்களும் கண்மூடித்தனமாக அலைவதாகத்தான் முதலில் தோன்றும். உண்மையில் சிவப்பு நம்மை நேராகத் துரத்துகிறது, இளஞ்சிவப்பு நாம் போகும் திசையில் சற்று முன்னால் குறிவைக்கிறது, ஆரஞ்சு நெருங்கி வந்தபின் தன் மூலைக்கே விலகி ஓடுகிறது. நீலம் மட்டும் சிவப்பு நிற்கும் இடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வதால் அதன் போக்கைக் கணிப்பது கடினம். இது பிடிபட்ட பிறகு மாட்டிக்கொண்டால் பேயைத் திட்டத் தோன்றாது.

சித்தப்பா: இத்தனையும் கேட்ட பிறகு, மேரியோவே தன் நேர்மையை மீறும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அதன் லெவல்கள் நான்கு நான்காக எட்டு ‘உலகங்கள்’ என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. நான்காம், ஏழாம், எட்டாம் உலகங்களின் கடைசிக் கோட்டைகளில் சரியான பாதையில் போகாவிட்டால் அதே வழி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். எங்கே தவறினோம் என்பதற்கு எந்தக் குறிப்பும் கிடையாது. நேரம் தீர்ந்து உயிர் போகும்வரை ஓட வேண்டியதுதான். 

அக்கா: அதை நான் தாங்கிப் பேசமாட்டேன், சித்தப்பா. முழு விளையாட்டிலும் எனக்குப் பிடிக்காத பகுதி அதுதான். அங்கே திறமைக்கு வேலையில்லை; ஒவ்வொரு வழியாக முயன்று மனப்பாடம் செய்ய வேண்டும்.

நான்: எட்டாம் உலகத்தில் தோற்றுப்போனால் மறுபடியும் முதல் உலகத்திலிருந்து தொடங்க வேண்டியிருப்பதும் கொடுமைதான், ஏனென்றால் சேமித்துவைக்கும் வசதி அதில் இல்லை. தலைப்புத் திரையில் ‘ஏ’ பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ‘ஸ்டார்ட்’டைத் தட்டினால், தோற்ற உலகத்தின் முதல் லெவலிலிருந்தே தொடரலாம் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

பெரியப்பா: எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. முதல் உலகத்தின் இரண்டாம் லெவலில் கூரைக்கு மேலே ஏறி ஓடினால், அடுத்த உலகங்களுக்குத் தாவும் குழாய்கள் இருக்கின்றன என்று பேத்தி சொல்கிறாள். திரையின் உச்சியில், எண்கள் தெரியும் இடத்தில் நடக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? இதில் உங்கள் நேர்மை எங்கே இருக்கிறது?

அக்கா: அதற்கும் குறிப்பு வைத்திருக்கிறார்கள், பெரியப்பா. அந்த லெவலின் முடிவுக்கு அருகில் மேலேறும் தட்டுகள் வரும். அவை கூரை உயரத்தையும் தாண்டித் திரைக்கு வெளியே போகின்றன. போகும் தட்டைப் பார்த்து, இது எங்கே போகிறது என்று கேட்கிறவர் அதில் நின்றுபார்ப்பார், கூரையின்மேல் குதிப்பார். கேட்காதவர் வழக்கமான குழாய் வழியாகவே வெளியேறுவார், அவருக்கும் நட்டமில்லை.

அத்தை: நான்காம் உலகத்தின் இரண்டாம் லெவலிலும் அப்படி ஒன்று இருக்கிறது, அண்ணா. எங்கே என்று நான் சொல்லப்போவதில்லை. பேத்தியும் சொல்லக் கூடாது.