எங்கள் மாஸ்டரிடம் ஆடியவர்கள் எல்லோரும் எழுதுங்கள்

கௌதமபுரம், பழைய லெஃப்ட் பேக்:

பெங்களூரில் அல்சூர் பக்கம் கால்பந்து ஆடியவர்களுக்கு எங்கள் கோச் மாஸ்டர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் அவர் காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் ஆடியவர்கள்தான். அங்கே ஆளாளுக்குப் பேசியதைக் கேட்டபோது, இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. நான் ஆரம்பிக்கிறேன், மற்றவர்கள் தொடருங்கள்.

அவரிடம் புதிதாகச் சேரும் பையன் உடனே கோல் அடிக்கப் போக முடியாது. முதலில் கிரவுண்டை ஒட்டிய காம்பவுண்டு சுவர். பந்தைச் சுவரில் அடித்து, திரும்பி வருவதை ஒரே தொடுதலில் நிறுத்த வேண்டும். வலது கால்காரன் என்றால் வலது பூட்ஸைக் கழற்றச் சொல்லிவிடுவார். வெறுங்காலால் ஓங்கி அடித்தால் விரல் வலிக்கும், அதனால் உடம்பு தானாகவே இடது காலுக்கு மாறும். "ஒத்தக் கால்ல ஆடுறவன எதிராளி அஞ்சு நிமிஷத்துல படிச்சிடுவான்டா" என்பார். நான் பிறவி வலது கால்காரன். இடது பக்கத் தடுப்பாட்டக்காரனாக, லெஃப்ட் பேக் ஆனது அந்தச் சுவரால்தான்.

வலிக்கிறது என்று யாராவது முனகினால் போதும், கதை ஆரம்பமாகிவிடும். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ், பிரான்ஸோடு ஆட்டம். நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். இரண்டு பெனால்டி கிடைத்தும் கோல் ஆகவில்லை, 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோல், சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல், அடித்தவர் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன். அப்புறம் 1952 ஹெல்சிங்கி. யூகோஸ்லாவியாவிடம் 10-1. அந்த ஒன்றை அடித்தவரும் பெங்களூர்க்காரர்தான், அகமது கான். மாஸ்டர் எங்களிடம் ஸ்கோரை மறைத்ததே இல்லை. பத்து வாங்கினோம் என்று சொல்லிவிட்டு, "பத்து வாங்குன மேட்ச்லயும் ஒருத்தன் கோலப் பாத்து ஓடிட்டுதான் இருந்தான்" என்பார்.

கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை இருக்கிறது. உலகக் கோப்பை வந்தால் தெருவே மஞ்சளும் பச்சையுமாகிவிடும். எங்களுக்கு பிரேசில் அணி முழுக்க மனப்பாடம். ராமன் பெயரையும் அகமது கான் பெயரையும் மாஸ்டர் சொல்லித்தான் கேட்டோம். இதற்காகவே அவருக்கு நான் கடன்பட்டவன்.

2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று ஜெயித்து கர்நாடகா சந்தோஷ் டிராபியை, மாநில அணிகளுக்கான தேசியக் கோப்பையை, எடுத்தது. அதற்கு முன் எடுத்தது 1968-69ல், மைசூர் மாநிலம் என்ற பெயரில். அப்போது மாஸ்டர் பள்ளிக்கூடப் பையன். 54 வருஷம். ஃபைனலை அவர் வீட்டில் ஒரு சின்னப் போனில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "வாங்கடா, கிரவுண்டுக்குப் போலாம்" என்றார். அன்றைக்குச் சின்னப் பையன்களுக்கு பிராக்டீஸ் கிடையாது, எல்லோருக்கும் பிரியாணி.

ஆஸ்டின் டவுன், ஸ்டாப்பர்:

என் அப்பா காலத்தில் பெங்களூரில் நன்றாக ஆடுபவனுக்கு வேலை கிடைத்துவிடும். ஐ.டி.ஐ. (டெலிபோன் கம்பெனி), எச்.ஏ.எல். (விமானக் கம்பெனி) என்று பொதுத்துறை நிறுவனங்களுக்கெல்லாம் அணி இருந்தது. ஆட்டத்தை வைத்து ஆள் எடுத்தார்கள், குடும்பம் நிமிர்ந்தது. நான் வளர்ந்து வந்தபோது அந்த வழி ரொம்பவே குறுகிவிட்டது. எங்கள் வீடுகளில் மட்டும் பழைய நம்பிக்கை போகவில்லை.

பி.யூ.சி. (பிளஸ் டூ) முடித்த வருஷம் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ சூப்பர் டிவிஷன்ல ஆடுவ. நல்லா ஆடுவ. ஆனா அது சோறு போடாது. டிப்ளமோ சேரு." சூப்பர் டிவிஷன் என்றால் பெங்களூரின் மேல்மட்ட லீக். வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். மறுநாள் காலையில் அவரே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினார். அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. "அண்ணே, இவன் காலு நல்ல காலு. இன்னிக்கு அந்தக் கால நம்பி வேலை குடுக்குற ஆளுதான் கம்மி" என்றார் மாஸ்டர். விண்ணப்பம் வாங்கி வந்து கொடுத்ததும் அவர்தான். மெக்கானிக்கல் முடித்தேன். சூப்பர் டிவிஷனும் ஆடினேன். அசோக் நகர் ஸ்டேடியத்தில் என் முதல் மேட்சுக்கு அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தார்.

நல்ல ஆட்டக்காரனை உருவாக்கிய கோச்சைப் பற்றித்தான் ஊர் பேசும். ஆட்டத்தில் பெரிய இடத்துக்குப் போகாத எங்களைப் போன்றவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். மாஸ்டருடைய கவலை முழுக்க எங்களைப் பற்றித்தான் இருந்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆட்டோ ஓட்டுபவன், ஏ.சி. மெக்கானிக், நர்ஸிங் படித்தவன் எல்லோருக்கும் இப்படி ஒரு காலை வேளை இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

மர்பி டவுன், இப்போது ஸ்கூலில் பி.டி. டீச்சர்:

நான் சேர்ந்தபோது கிரவுண்டில் பெண் பிள்ளைகள் மூன்றே பேர். அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. மாஸ்டர் வந்து, "அம்மா, நீங்களும் கூட வாங்க. வந்து உக்காந்து பாருங்க. பிடிக்கலன்னா கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். அம்மா வந்தார். ஒரு வாரத்தில் தண்ணீர் கேனும் வாழைப்பழமும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அம்மாவிடம் போய்விட்டது. அதைப் பார்த்து மற்ற அம்மாக்களும் தங்கள் பெண்களை அனுப்பினார்கள். எங்களுக்கும் அதே சுவர், அதே ஒற்றை பூட்ஸ், அதே 1948 கதை. பையன்களுக்கு ஒரு மாதிரி, எங்களுக்கு ஒரு மாதிரி என்று கிடையாது.

பழைய பூட்ஸ் மூட்டை ஒன்று அவர் வீட்டு வாசலில் எப்போதும் இருக்குமே, நினைவிருக்கிறதா? வளர்ந்தவர்கள் போட்டுவிட்டுப் போவதை ஸ்டட் மாற்றி, தைத்து, அடுத்த பையனுக்குக் கொடுப்பார். யார் கொடுத்தது யாருக்குப் போனது என்று கடைசிவரை சொல்ல மாட்டார். இப்போது அந்த மூட்டை என்னிடம் இருக்கிறது. பெரிய அளவெல்லாம் நிறைய இருக்கிறது. 3, 4 அளவில் ஒன்றுகூட இல்லை, வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும். வீட்டில் கிடந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கிரவுண்டுக்குக் கொண்டு வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தைத்துக்கொள்கிறேன்.