ஈ.சி.இ. படித்துவிட்டு ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) நவீனமயத் திட்டங்களுக்குப் போக என்ன வழி?

அம்மாபேட்டை_ஈசிஇ:
சேலத்தில் பி.இ. கடைசி வருடம். கன்ட்ரோலர் வேலையில் நாட்டமில்லை. அவர்கள் கையாளும் ரேடியோ, ரேடார், குரல்தொடர்புக் கருவிகளை மாற்றியமைக்கும் திட்டங்களை நடத்த ஆசை. எங்கே தொடங்கணும்? எது அதிகம் சொதப்பும்?

கோபுரத்தடி:
விமான நிலைய ஆணையத்தில் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் (எலக்ட்ரானிக்ஸ்) பதவிதான் வாசல். அதற்கு கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான GATE தேர்வு) மதிப்பெண் பார்ப்பார்கள். ஏ.டி.சி. பதவிக்குத் தேர்வு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பிக்கிறவர்கள் நிறையப் பேர். எடுத்த எடுப்பில் திட்டப் பொறுப்பு வராது, சில வருடம் ஷிப்டில் பராமரிப்பு பார்க்கணும். அது நல்லதுதான். டி.வி.ஓ.ஆர். (விமானங்களுக்குத் திசை காட்டும் தரைக் கருவி) ஏன் அலாரம் அடிக்கிறது என்று தெரியாதவர் எழுதுகிற டெண்டர் ஓட்டையாகத்தான் இருக்கும்.

பழைய_மைக்:
சொதப்புவது கருவி இல்லை, பழையதிலிருந்து புதியதுக்குத் தாவுகிற அந்த இரவு. பழைய அனலாக் குரல் இணைப்பை ஐ.பி. நெட்வொர்க்குக்கு (இணையம் போல டேட்டாவாக அனுப்பும் முறை) மாற்றினால், கன்ட்ரோலர் பி.டி.டி. பட்டனை (பேசும்போது அழுத்துவது) அழுத்தியதும் டிரான்ஸ்மிட்டர் எழ ஒரு கணம் தாமதமாகலாம். ‘டிசென்ட்’ என்பதில் ‘டி’ விழுங்கப்படும். தொழிற்சாலைச் சோதனையில் இது தெரியாது, அங்கே கேபிள் பத்து மீட்டர்தான். களத்தில், நிஜ நெட்வொர்க்கில் அளந்து பாருங்கள்.

குரல் ரெக்கார்டரும் ரேடார் பதிவும் ஒரே கடிகாரத்தில் ஓடணும். பதிவைக் குறைந்தது 30 நாள் வைக்கச் சொல்கிறது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.; நேரம் பொருந்தாத பதிவு விசாரணைக்கு உதவாது. பழைய கருவியை அன்றே கழற்றாதீர்கள், மின்சாரத்தோடு பக்கத்திலேயே நிற்கட்டும். பழையதுக்குத் திரும்பிப் போவதையும் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையை முதலில் சோதியுங்கள். நள்ளிரவு என்றால் காலி என்று நினைக்காதீர்கள். சென்னையில் வெளிநாட்டு விமானங்கள் இறங்குகிற நேரமே அதுதான்.

சேர்வராயன்_சிக்னல்:
நம்ம ஊரை வைத்தே ஒரு கணக்கு. கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலைய ஓடுதளத்திலிருந்து கிழக்கே, 20 கி.மீ. தள்ளி, 1,200 மீட்டர் எழும்பி மலை நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடுதளத்திலிருந்து மலையுச்சியை நிமிர்ந்து பார்க்கிற கோணம் ஏறக்குறைய மூன்றரை டிகிரி. விமானத்தோடு பேசுகிற வி.எச்.எஃப். ரேடியோ நேர்க்கோட்டில் போகிற அலை. அப்படியானால் மலைக்கு அந்தப் பக்கம், ஓடுதளத்திலிருந்து 100 கி.மீ. தூரத்தில் வருகிற விமானம் 20,000 அடிக்கு மேல் இருந்தால்தான் தெளிவாகக் கேட்கும். வரைபடத்தில் வட்டம் போட்டு ‘கவரேஜ்’ என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

அம்மாபேட்டை_ஈசிஇ:
அப்போ ஏற்காடு உச்சியிலேயே ஆன்டெனா வைத்துவிட்டால்?

சேர்வராயன்_சிக்னல்:
கேட்கும் தூரம் கூடும், சரி. ஆனால் அடியில் முழுக்கச் சார்னோகைட் என்கிற கடினமான பாறை, எர்த்திங் எளிதில் பிடிக்காது. இடி விழுகிற மலை வேறு. எர்த் கம்பியை ஆழமாக இறக்க முடியாத இடத்தில் பட்டைக் கம்பியைப் பரவலாகப் புதைத்து, மழைக்கு முன்பும் கோடையிலும் தடையை அளந்து எழுதி வைக்கணும். ஆன்டெனாவிலிருந்து விமான நிலையத்துக்குக் கீழே இறங்குகிற லிங்கும் இரண்டு தனித்தனிப் பாதையில் வரணும். இரண்டு ஃபைபரும் ஒரே கொண்டை ஊசி வளைவோரம் போனால், ஒரு மண்சரிவில் இரண்டும் போச்சு.