விதை மேலேறுதா, இல்லையா? கிரிமாஸ்டரிக் ரிஃப்ளெக்ஸ் பார்ப்பவர்களின் அனுபவப் பகிர்வு

பொது மருத்துவம், அரூர் பக்கம்

ராத்திரி 2 மணிக்கு "அடிவயிறு வலி, ரெண்டு தடவை வாந்தி" என்று வரும் 15 வயசுப் பையன், அப்பாவும் மாமாவும் பக்கத்தில் நிற்கும்போது வலி எங்கே என்று சரியாகச் சொல்லமாட்டான். கை தொப்புளுக்குக் கீழே காட்டும். பொய்யும் இல்லை. விதை கருவில் வயிற்றுக்குள் உருவாகிக் கீழே இறங்கிய உறுப்பு. அதன் வலி நரம்பு முதுகுத்தண்டில் டி10, டி11 மட்டத்துக்குப் போகிறது, அதனால் வலி உண்மையிலேயே அடிவயிற்றில் தெரியும். இப்படி வருவது விதை முறுக்காக இருக்கலாம்: விதையைத் தாங்கும் வடம் திருகிக்கொண்டு ரத்த ஓட்டம் அடைபடுவது. வயிற்றை மட்டும் அமுக்கிப் பார்த்து, வயிற்று அமிலத்துக்கான பேன்டோப்ரசோல் ஊசி போட்டு அனுப்பினால் காலையில் விதை கருத்திருக்கும்.

ஆண் நோயாளிக்கு அடிவயிற்று வலி என்றால் உள்ளாடையை இறக்கிப் பார்க்காமல் பரிசோதனை முடிந்ததாகச் சீட்டில் எழுதக்கூடாது. அந்தப் பார்வையோடு சேர்த்து அரை நிமிஷத்தில் முடிவதுதான் கிரிமாஸ்டரிக் ரிஃப்ளெக்ஸ்: தொடையின் உட்பக்கம் கோடு போட்டால் அதே பக்கத்து விதை மேலேறுகிறதா என்று பார்ப்பது.

செய்முறை: மல்லாந்து படுக்கவைத்து, தொடைகளை ஒரு சாண் விலக்கச் சொல்லவும். ரிஃப்ளெக்ஸ் சுத்தியலின் கைப்பிடி முனையோ, உடைக்காத டங் டிப்ரஸரின் (நாக்கை அமுக்கும் குச்சி) ஓரமோ போதும். ஊசி, உடைந்த குச்சி வேண்டாம். வலித்தால் தொடை முழுக்க இறுகி எதுவும் தெரியாது. தொடையின் உட்பக்கம், கவட்டிக்குக் கீழே நாலு விரல்கடை நீளத்துக்கு லேசாக ஒரு கோடு. மேலிருந்து கீழேயா, கீழிருந்து மேலேயா என்பது பெரிய விஷயமில்லை. அதே பக்கத்து விதை சட்டென்று மேலேறி, மெதுவாக இறங்கவேண்டும். அரை சென்டிமீட்டர் ஏறினாலே இருக்கிறது என்று எழுதலாம். வலியில்லாத பக்கத்தை முதலில் பாருங்கள். அந்த ஆளின் ரிஃப்ளெக்ஸ் இயல்பில் எவ்வளவு துடிப்பானது என்பது அப்போதுதான் தெரியும்.


ஸ்டாஃப் நர்ஸ், தர்மபுரி

சார் சொன்னதுக்கு முன்னாடி நடக்கவேண்டியதைச் சொல்றேன். மறைப்பு ஸ்க்ரீன் போடணும், ஃபேன் நிறுத்தணும், கையைச் சுடுதண்ணியில கழுவித் துடைக்கணும். மார்கழி, தை மாசத்துல தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடிகாலைக் குளிர்ல வர்றவங்களுக்கு விதை ஏற்கெனவே மேல ஒட்டிக்கிட்டு நிக்கும். ஏற்கெனவே ஏறினது கோடு போட்டா இன்னும் எங்க ஏறும்? போர்வையைப் போட்டு அஞ்சு நிமிஷம் விட்டுட்டு மறுபடி பாருங்க.

18 வயசுக்குக் கீழன்னா அப்பாவோ அம்மாவோ கூட இருக்கணும், அவங்க சம்மதம் வாங்கணும், பையன்கிட்டயும் என்ன பண்ணப்போறோம்னு முன்னாடியே சொல்லணும். பெரியவங்களா இருந்தாலும் ஒரு ஊழியர் கூட நிக்கணும். "தம்பி, தொடையில லேசா கோடு போடுவாங்க, கூசும், வலிக்காது" அவ்வளவு போதும். சொல்லாம தொட்டா உடம்பே விறைச்சுக்கும், பலன் தப்பா வரும்.

இன்னொண்ணு, நம்ம பக்கம் இதுக்கு "சூடு புடிச்சிருக்கு"ன்னு விளக்கெண்ணெய் தொப்புள்ல வைப்பாங்க, இளநீர் குடுப்பாங்க, கடையில சோடா வாங்கிக் குடுப்பாங்க. எண்ணெய் பாதகமில்லை. இளநீரும் சோடாவும்தான் பிரச்சனை. ஆபரேஷன்னு ஆச்சுன்னா மயக்க மருந்து டாக்டர் கடைசியா எப்ப சாப்பிட்டான், குடிச்சான்னு கேட்பார். அனுப்புறப்பவே வாய்வழியா எதுவும் குடுக்காதீங்கன்னு கூட வந்தவங்ககிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க.


அறுவை சிகிச்சை, கிருஷ்ணகிரி

ரிஃப்ளெக்ஸ் பார்க்கும் பலர் தவறான இடத்தில் கண்ணை வைக்கிறார்கள். விதைப்பைத் தோல் சுருங்குவதைப் பார்த்து "இருக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். அது டார்டாஸ் என்ற மெல்லிய தசையின் வேலை: குளிரிலோ தொடுதலிலோ தோல் புழுப்போல மெதுவாக நெளிந்து சுருங்கும். கிரிமாஸ்டர் வேறு. வயிற்றுச் சுவரின் உள் சாய்வுத் தசையிலிருந்து வந்து, விதையைத் தாங்கும் விந்து வடத்தைச் சுற்றியிருக்கும் தசை அது. சுருங்கினால் விதையே ஏறும். தோலைப் பார்க்காதீர்கள், விதையின் அடிப்பகுதியைப் பாருங்கள்.

விதை முறுக்கில் இந்த ரிஃப்ளெக்ஸ் பெரும்பாலும் போய்விடும். கூடவே விதை ஒரு பக்கம் மேலே ஏறி, நெட்டாக இல்லாமல் குறுக்காகக் கிடக்கும், கல் மாதிரி கெட்டியாக இருக்கும். வலி "இந்த நேரத்துக்கு ஆரம்பிச்சுது" என்று சொல்லும்படி சட்டென்று வரும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி என்றால் சந்தேகம் இரட்டிப்பு.

விதைமேல்குழாய் அழற்சியில் (விதையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் குழாயின் அழற்சி) வலி ஒன்றிரண்டு நாளாகக் கூடிக்கொண்டே போகும், சிறுநீர் எரிச்சலோ காய்ச்சலோ இருக்கும், ரிஃப்ளெக்ஸ் பொதுவாக இருக்கும். பொன்னுக்கு வீங்கி வந்து நாலைந்து நாள் கழித்து விதை வீங்கினால் அந்த வைரஸைக் கணக்கில் எடுக்கவேண்டும். பள்ளி வயசில் விதையின் மேல்முனையில் இருக்கும் சின்ன ஒட்டுச்சதை மட்டும் முறுக்கிக்கொள்வதும் உண்டு. தோலுக்கடியில் ஒரு நீலப்புள்ளி தெரியும், அந்த ஒரு இடம் மட்டும் வலிக்கும், ரிஃப்ளெக்ஸ் இருக்கும்.

விதையைத் தூக்கிப் பிடித்தால் வலி குறைகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பவேண்டாம். பாடப்புத்தகத்தில் இருப்பதால் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறது.


பயிற்சி மருத்துவர்

ரிஃப்ளெக்ஸ் இருந்தா முறுக்கு இல்லைன்னு எழுதிடலாம்தானே? அப்படித்தான் வார்டுல சொல்லிக்குடுத்தாங்க.


அறுவை சிகிச்சை, கிருஷ்ணகிரி

தம்பி, அந்த வாக்கியம்தான் ஆளைக் கவிழ்ப்பது. 1984-ல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில் ரிஃப்ளெக்ஸ் இருந்த எவருக்கும் முறுக்கு இல்லை என்று வந்தது. அது அப்படியே பரவிவிட்டது. பிறகு வந்த கட்டுரைகளில் ரிஃப்ளெக்ஸ் இருந்தும் முறுக்கிய விதைகள் பதிவாகியிருக்கின்றன. பாதி முறுக்கு, முறுக்கித் தானே அவிழ்ந்துகொள்ளும் முறுக்கு, இரண்டிலும் ரிஃப்ளெக்ஸ் இருக்கலாம். "நேத்து ராத்திரி இப்படித்தான் வந்துச்சு, தானா போயிடுச்சு" என்று சொன்னால் ரிஃப்ளெக்ஸ் துள்ளினாலும் விடாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. ரிஃப்ளெக்ஸ் இல்லாத எல்லாரும் முறுக்குக்காரர்கள் இல்லை. சின்னக் குழந்தைகளில், முக்கியமாக இரண்டரை வயசுக்குள், நிறையப் பேருக்கு இருக்காது. முதியவர்களுக்கு மங்கிவிடும். சர்க்கரை நோயில் நரம்பு கெட்டிருந்தால் வராது. பெரிய விரைவீக்கத்தில் விதை தண்ணீருக்குள் மிதக்கும், அசைவு தெரியாது. குடலிறக்க ஆபரேஷன் தழும்பு இருந்தால் அந்தப் பக்கப் பலனை எடைபோடவே வேண்டாம். இரண்டு பக்கமும் இல்லை என்றால் அது உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. ஒரு பக்கம் துள்ளி, வலிக்கும் பக்கம் செத்துக்கிடந்தால் அதுதான் பேசும் அடையாளம்.

முறுக்குச் சந்தேகத்தை எண்ணில் அளக்கும் ட்விஸ்ட் ஸ்கோர் என்று ஒன்று 2013-ல் வந்தது, கைக்கு அடக்கம். வீக்கத்துக்கு 2, கெட்டியான விதைக்கு 2, ரிஃப்ளெக்ஸ் இல்லாததற்கு 1, குமட்டல் அல்லது வாந்திக்கு 1, மேலேறிய விதைக்கு 1. மொத்தம் 7. 5 அல்லது அதற்கு மேல் வந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் ஆபரேஷன் தியேட்டர், 3, 4 என்றால் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். ரிஃப்ளெக்ஸுக்கு அதில் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் பார், 7-ல் 1.


ஸ்கேன் பிரிவு, ஓசூர்

டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிவதாலேயே முறுக்கு இல்லை என்று முடிவாகிவிடாது. முதலில் அடைபடுவது சிரை, தமனி பிறகுதான். பாதி முறுக்கில் தமனி ஓட்டம் இன்னும் தெரியும். விதைக்குள் மட்டும் பார்த்து நிறுத்தாமல் வடத்தைக் கவட்டியிலிருந்து தொடர்ந்து வாருங்கள். முறுக்கு இருக்கும் இடத்தில் நீர்ச்சுழி மாதிரி ஒரு சுருள் தெரியும். நல்ல பக்கத்தில் ஸ்கேன் மெஷின் அமைப்பைச் சரிசெய்துகொண்டு, அதே அமைப்பில் வலிக்கும் பக்கம் போகவேண்டும். ராத்திரியில் ஸ்கேன் ஆள் வர ஒரு மணி நேரம் என்றால், அந்த ஒரு மணி நேரம் நோயாளியின் கணக்கிலிருந்துதான் போகிறது.


பொது மருத்துவம், அரூர் பக்கம்

அந்தக் கணக்கு இது: வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் விதை பிழைக்கும். 12 மணி நேரத்தில் ஏறக்குறையப் பாதி. 24 தாண்டினால் மிகச் சொற்பம். நேரம் ஓடத் தொடங்குவது மருத்துவமனை வாசலில் இல்லை, வலி எழுப்பிய நிமிஷத்தில். சித்தேரி மலையிலிருந்தோ அஞ்செட்டிக் காட்டிலிருந்தோ இறங்கி வருபவருக்கு நாம் பார்ப்பதற்குள்ளேயே பாதி போயிருக்கும். ஒகேனக்கலிலிருந்து தர்மபுரி ஏறக்குறைய 46 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து சேலம் சுமார் 65. தர்மபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கின்றன. பக்கத்தில் ராத்திரி அறுவை மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் இருக்கும் இடத்துக்கு முதலில் போன் போட்டுவிட்டு அனுப்பவும். வண்டி கிளம்பிய பிறகு போன் போடுவது வீண்.


அறுவை சிகிச்சை, கிருஷ்ணகிரி

தூரம் அதிகம் என்றால், பழகிய கை இருந்தால், அனுப்பும் முன் கையால் அவிழ்த்துப் பார்க்கலாம். வலி மருந்து கொடுத்து, விதையைப் புத்தகம் திறப்பதுபோல் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் திருப்பவேண்டும். ஒரு சுற்றோடு நிற்காது, ஒன்றரை சுற்று வரை தேவைப்படும். சரியாக அவிழ்ந்தால் முகத்திலேயே தெரியும்: வலி விட்டுப்போகும், விதை கீழே இறங்கி நெட்டாக நிற்கும். மூன்றில் ஒரு பங்கு முறுக்குகள் எதிர்த்திசையில் இருக்கும். வலி கூடினால் உடனே நிறுத்தி மறுபக்கம் முயலுங்கள், பலவந்தம் வேண்டாம். அவிழ்ந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பக்கூடாது. விதை மணியின் நாக்குபோலத் தொங்கும் அமைப்பு அப்படியேதான் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் இரண்டு பக்கமும். ஆபரேஷனில் இரண்டு விதைகளையும் தைத்து நிறுத்துவது அதனால்தான். "வலிக்காத பக்கத்தை ஏன் கீறினீங்க" என்று உறவினர் சண்டைக்கு வருவார்கள். கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிட்டால் அந்தச் சண்டை இல்லை.


நரம்பியல், தர்மபுரி

எல்லாரும் முறுக்கிலேயே நிற்கிறீர்கள். இந்த ரிஃப்ளெக்ஸ் எங்களுக்கு முதுகுத்தண்டின் ஒரு மாடியைக் காட்டும் விளக்கு. உணர்வு உள்ளே போவது ஜெனிட்டோஃபெமொரல் நரம்பின் தொடைக் கிளை, இலியோஇங்குவைனல் நரம்பு வழியாக. தசைக்கு ஆணை வருவது ஜெனிட்டோஃபெமொரலின் இன்னொரு கிளையில். இடையில் தண்டுவடத்தின் எல்1, எல்2 மட்டம். தோல் ரிஃப்ளெக்ஸ்களை வரிசையாகப் பார்த்தால் மாடிப்படி போல இருக்கும்: வயிற்றில் மேலிருந்து கீழே டி8 முதல் டி12, அடுத்து கிரிமாஸ்டரிக், உள்ளங்கால் எஸ்1, கடைசியில் ஆசனவாய்.

தொப்பூர் கணவாயில் விபத்து நடந்து வருபவர்களில் இது உதவும். டி12, எல்1 எலும்பு நொறுங்கியிருந்தால் தண்டின் நுனிதான் பெரும்பாலும் அடிபடும். அப்போது ஆசனவாய் ரிஃப்ளெக்ஸ் போய், கிரிமாஸ்டரிக் இருக்கும். இரண்டும் போய், வயிற்று ரிஃப்ளெக்ஸும் போயிருந்தால் அடி மேலே. ஆனால் அடிபட்ட முதல் சில நாள், சிலருக்குச் சில வாரம், தண்டுவட அதிர்ச்சியில் கீழே எல்லாமே அடங்கியிருக்கும், அந்த நேரத்தில் மாடிக்கணக்குப் போடாதீர்கள். தண்டுவட மயக்க ஊசி போட்டவரிடம் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதிய சீட்டும் வருகிறது. வராதுதானே!

தோல் ரிஃப்ளெக்ஸுக்கும் முட்டி ரிஃப்ளெக்ஸுக்கும் உள்ள வித்தியாசம் மறக்கக்கூடாது. மூளையிலிருந்து வரும் பாதை கெட்டால் முட்டி துள்ளும், தோல் ரிஃப்ளெக்ஸ் அடங்கும், கால் பெருவிரல் மேல்நோக்கி வளையும். இந்த மூன்றும் சேர்ந்து நம் மாவட்டத்தில் தெரியும் ஒரு இடம் ஃப்ளோரோசிஸ், அதாவது தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு பல இடங்களில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு சேர்ந்தது. காவிரித் தண்ணீர் வருவதற்கு முன் பல வருஷம் போர் தண்ணீர் குடித்த 60 வயசுக்காரர் கழுத்து திருப்ப முடியாமல், கால் விறைத்து வந்தால், பல்லைப் பாருங்கள், முன்கை எக்ஸ்ரே எடுங்கள். இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள சவ்வு சுண்ணாம்பு படிந்து வெள்ளையாகத் தெரியும். எலும்பு தடித்துக் கழுத்தில் தண்டை நெருக்குகிறது. வயிற்றிலும் கிரிமாஸ்டரிலும் ரிஃப்ளெக்ஸ் இருக்காது, முட்டி துள்ளும். இதை "வயசு வாதம்" என்று எழுதி எண்ணெய் தடவ அனுப்புகிறார்கள்.


ஸ்டாஃப் நர்ஸ், தர்மபுரி

சார், நரம்பியலுக்கு அனுப்புற சீட்டுல "ரிஃப்ளெக்ஸ் இல்லை"ன்னு மட்டும் எழுதினா எந்தப் பக்கம், எப்பப் பார்த்ததுன்னு போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கு.


நரம்பியல், தர்மபுரி

சரியாகச் சொன்னீர்கள் சிஸ்டர். சீட்டில் இவ்வளவு போதும்: பார்த்த நேரம், வலது இடது தனித்தனியாக, குடலிறக்கத் தழும்பு உண்டா, மயக்க ஊசி போட்டதா. முறுக்குச் சந்தேகம் என்றால் வலி தொடங்கிய நேரமும் கடைசியாகச் சாப்பிட்ட நேரமும் முதல் வரியில், தடித்த பேனாவில்.